குடவோலையும் கடுக்காயும்

உத்திரமேரூர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது குடவோலை. வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடநூல் முதல் அரசியல் மேடை வரை எல்லோரும் எடுத்தாண்டுவிட்டார்கள். முப்பது குடும்புகள், குடும்புக்கு ஒருவர், அவர்களுள் பன்னிருவர் ஆண்டு வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம் என்ற கணக்கு நம்மில் பலருக்கும் மனப்பாடம். இந்தப் பெருமிதத்தின் நடுவே, அக்கல்வெட்டின் இரண்டு சிறு விதிகளை நாம் வேகமாகக் கடந்து போய்விடுகிறோம்.

முதலாவது விதி, ஓலையை யார் எடுப்பது என்பது. சபையோர் அனைவரும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்டுகிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டாவது விதி, யாருடைய பெயர் குடத்துக்குள் போகக்கூடாது என்பது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை இடக்கூடாது. அவன் மட்டுமல்லன், தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மருமகன், மைத்துனன் எனச் சுற்றத்தார் பட்டியலும் அவனோடு சேர்ந்து தள்ளப்படுகிறது.

குடத்தில் கைவிடுபவன் அறியாதவனாக இருக்க வேண்டும். பொறுப்பில் இருந்தவன் கணக்குக் காட்டியவனாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, ஊராட்சிக்குத் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஒரு துறையின் வரலாற்றைப் பார்க்க விழைகிறோம். அது பிள்ளைப்பேறு குறித்த மருத்துவ ஆராய்ச்சி. நவீன மருத்துவச் சோதனை முறையைச் சோழர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நிறுவுவது நம் நோக்கமன்று. அவர்கள் அஞ்சியது கட்சிகட்டலுக்கும் கையாடலுக்கும். ஆனால் மனிதர் தம்மைத் தாமே நம்பக்கூடாத இடங்கள் சில உண்டு என்பதை அறிந்திருந்தார்கள். அந்த அறிவு மருத்துவத்துக்கு வந்துசேர வெகுகாலம் பிடித்தது.

மருத்துவத்தைத் தேடி நாம் இப்பகுதியை விட்டு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது 1067-68 காலத்திய, நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. வேதம் பயிலும் மாணவர்க்கும் கோயில் பணியாளர்க்குமாக நடத்தப்பட்ட வீரசோழன் ஆதுலசாலையைப் பற்றி அது பேசுகிறது. படுக்கைகள் பதினைந்து. கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என ஆட்களும் ஊதியமும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அதன்பின் ஓராண்டுக்கு இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள் அளவோடு வருகின்றன.

அம்மருந்துப் பட்டியலில் வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி என்று ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். ஹரீதகி என்பது நம் கடுக்காய்தான். ஆயுர்வேதத்தில் கடுக்காய்க்கு இருந்த மதிப்பை அறிய சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியைத் திறந்தால் போதும். அதன் முதல் அத்தியாயம் நோய்களைப் பற்றியதன்று. உடலைப் புதுப்பிக்கும் ரசாயனம் பற்றியது. அதன் முதற்பகுதியே கடுக்காயையும் நெல்லிக்காயையும் போற்றித் தொடங்குகிறது. இரண்டாம் அத்தியாயம் வாஜீகரணம். ஆண்மையையும் மக்கட்பேற்றையும் நோக்கமாகக் கொண்டது. புதுப்பித்தல் முதலில், பிள்ளைப்பேறு அடுத்து. முதுமையையும் மலட்டுத்தன்மையையும் ஒரே தளர்ச்சியின் இரு முகங்களாகக் கண்ட மரபு அது.

இருபதாம் நூற்றாண்டின் உயிர்வேதியியல், வேறொரு வழியில் நடந்து ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்தது. 1943இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் மெக்லியோட், மனித விந்தணுக்களை ஆக்சிஜன் மிகுந்த சூழலில் வைத்தால் அவை நீந்தும் ஆற்றலை இழப்பதைக் கண்டார். ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியைச் சேர்த்தபோது அந்த இழப்பு தடுக்கப்பட்டது. உயிர்வாயு எனப் பெயர் பெற்ற ஒன்றே உயிரணுவைக் கொல்லக்கூடும் என்பது அன்று வியப்புக்குரிய செய்தி. 1956இல் டென்ஹம் ஹார்மன், முதுமைக்கே காரணம் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் தனியுறுப்புகள் என்ற கருதுகோளை முன்வைத்தார். 1980களில் ஜான் எய்ட்கன் முதலியோரின் ஆய்வுகள், விந்தணு தானே அவ்வகை மூலக்கூறுகளை உண்டாக்குவதையும், அவை மிகும்போது அதன் செயல் குன்றுவதையும் காட்டின.

காரணமும் விளங்கத்தக்கதே. விந்தணுவின் உறை எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பமிலங்களால் ஆனது. வேகமாக நீந்துவதற்காகத் தன் உடற்சுமையைப் பெரும்பாலும் உதறிவிட்ட அணு அது. உதறிய சரக்கோடு தற்காப்புக்கான நொதிகளும் போய்விட்டன. ஆகவே புகைபிடித்தல், காய்ச்சல், விரைநாளப் புடைப்பு, வெப்பம் போன்றவை உண்டாக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அதனால் தாங்க முடிவதில்லை. உள்ளிருக்கும் மரபிழைகூட அறுபடுகிறது. அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளை உண்டால் சரியாகிவிடும் அல்லவா? வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம், செலினியம், கோஎன்சைம் க்யூ10 எனப் பட்டியல் நீண்டது. கடுக்காயிலும் நெல்லியிலும் இத்தகைய தடுப்பான்கள் மிகுதி என்று ஆய்வகங்கள் கண்டபோது, பழைய ரசாயனம் புதிய பெயரோடு திரும்பி வந்துவிட்டதாகவே பலரும் மகிழ்ந்தனர். மருந்துக்கடைகளில் 'ஆன்டிஆக்ஸிடென்ட்' என்று எழுதிய டப்பாக்கள் பெருகின.

இவ்விடத்தில்தான் குடத்தில் கைவிடும் சிறுவன் நமக்குத் தேவைப்படுகிறான். பிள்ளைப்பேற்றைப் போல ஒரு மருந்தின் பயனை மதிப்பிடக் கடினமான துறை வேறில்லை. ஒரே ஆணின் விந்தணு எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறியிறங்கும். மிகக் குறைந்திருந்த நாளில் சோதித்துக்கொண்டவருக்கு, எதுவுமே உண்ணாவிட்டாலும் அடுத்த சோதனையில் எண்ணிக்கை கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். சில ஆண்டுகள் காத்திருந்த தம்பதியரில் ஒரு பகுதியினர் எச்சிகிச்சையும் இன்றிக் கருத்தரிப்பதும் உண்டு. அந்த இடைவெளியில் உண்ட மாத்திரை, குடித்த லேகியம், கட்டிய மரத்தொட்டில், போன கோயில், இவற்றில் எதற்குப் புகழ் சேர்ப்பது? பலன் கண்டவர் பொய் சொல்வதில்லை. பலன் காணாதவர் பேசுவதே இல்லை. கண்டவர் குரல் மட்டும் ஊரெங்கும் கேட்கிறது.

இதற்கான தீர்வை 1948இல் பிரிட்டனில், காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் நடைமுறைக்குக் கொணர்ந்தார். யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான படுக்கை ஓய்வு என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. தற்போக்கு எண்கள் முடிவு செய்தன. அவை முத்திரையிட்ட உறைகளுக்குள் இருந்தன. நலம்பெறக்கூடியவர் என்று தமக்குத் தோன்றுபவருக்கே நல்ல மருத்துவரும் அறியாமல் மருந்தைத் தந்துவிடுவார் என்பதால், அறியாத கை ஒன்று தேவைப்பட்டது. இம்முறை தமிழகத்துக்கு வரத் தாமதமாகவில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் 193 நோயாளிகள் இவ்வாறே சீட்டு முறையில் வீட்டுச் சிகிச்சைக்கும் மருத்துவமனைச் சிகிச்சைக்குமாகப் பிரிக்கப்பட்டனர். வறுமையிலும் நெருக்கடியிலும் வாழ்ந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு ஏறத்தாழ அதே அளவு நலம்பெற்றதை 1959இல் வெளியான அறிக்கை காட்டியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிய முடிவு அது.

ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களின் சீட்டு நெடுநாள் குடத்துக்குள்ளேயே கிடந்தது. சிறுசிறு ஆய்வுகள் பல வந்தன, நம்பிக்கையும் ஊட்டின. அவற்றைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் குழுவினர், பயன் இருக்கக்கூடும், ஆனால் சான்றின் தரம் குறைவு என்றே சொல்லிவந்தனர். 2020இல் இரண்டு பெரிய விடைகள் கிடைத்தன. அமெரிக்காவில் 2370 தம்பதியரைக் கொண்டு நடந்த சோதனையில் ஆண்களில் ஒரு பாதியினருக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், மறு பாதியினருக்கு வெற்று மாத்திரையும் ஆறு மாதம் தரப்பட்டன. குழந்தை பிறந்தது மருந்துண்டவரில் 34 விழுக்காடு, வெற்று மாத்திரை உண்டவரில் 35 விழுக்காடு. மரபிழை அறுபடுதல் மருந்துண்டவரிடம் சற்று அதிகமாகவே இருந்தது. அதே ஆண்டு வெளியான மற்றொரு சோதனையில் 171 தம்பதியர் கலந்துகொண்டனர். வைட்டமின்கள், செலினியம் உள்ளிட்ட கலவை அங்கும் விந்தணுவின் தரத்தை உயர்த்தவில்லை.

ஏன் இப்படி? அழுத்தம் உண்டென்ற அறிவியலில் தவறில்லை. ஆனால் அந்த மூலக்கூறுகள் சிறிதளவில் விந்தணுவுக்குத் தேவையும்கூட. கருமுட்டையைத் துளைக்கும் தகுதியை விந்தணு பெறும் மாற்றத்தை அவையே தூண்டுகின்றன. பகைவன் என்று எண்ணி ஒழிக்கப் புகுந்தோமானால் தூதனையும் சேர்த்து ஒழித்துவிடுகிறோம். மேலும் ஆய்வகக் குழாயில் ஒரு பொருள் செய்வதை, குடலையும் கல்லீரலையும் கடந்து விரைக்குள் அதே அளவில் செய்யும் என்பதற்கு உறுதியில்லை. கடுக்காய்க்கும் இது பொருந்தும். திருமுக்கூடலில் அது இருப்பில் இருந்தது வரலாறு. பிள்ளைப்பேற்றுக்கு அது உதவுமா என்பது வரலாற்றால் விடையளிக்க முடியாத கேள்வி. அதற்கும் சீட்டெடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது விதி, கணக்குக் காட்டுதல். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரின் உழைப்பில் உருவான முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. அதற்கு 70 நாட்களுக்குப் பின், அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் துர்கா என்ற பெயரில் அறியப்பட்ட பெண்குழந்தை பிறந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி. உடனிருந்தவர்கள் குளிரியல் அறிஞர் சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. இங்கிலாந்துக் குழு இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையை நம்பியிருந்த நேரத்தில், முகர்ஜி ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை முதிரச் செய்தார். கருவை உறையவைத்து, பின்னொரு மாதச் சுழற்சியில் கருப்பைக்குள் இட்டார். உறைந்த கருவிலிருந்து பிறந்த குழந்தையாக உலகம் முதலில் அறிந்தது 1984இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தையைத்தான்.

மேற்கு வங்க அரசு அவரை விசாரிக்கக் குழு அமைத்தது. அத்துறையில் பயிற்சியற்ற அக்குழு அவர் கூற்றை நம்பத்தகாதது எனத் தள்ளியது. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குச் செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியில் ஹார்மோன் ஆய்வாளரான அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார். ரமாபத சௌதுரியின் வங்க நாவலும், அதைத் தழுவித் தபன் சின்ஹா 1990இல் எடுத்த இந்தித் திரைப்படமும் இவர் கதையின் நிழலில் பிறந்தவை என்பதை இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும்.

இவ்வரலாற்றில் நம்மை நிறுத்துவது அதன் பின்பகுதி. 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என ஏற்கப்பட்டது. இந்திரா ஹிந்துஜாவுடன் அச்சாதனைக்கு உரியவர் இனப்பெருக்க உயிரியல் அறிஞர் டி.சி. ஆனந்த குமார். 1997இல் கொல்கத்தா சென்றபோது முகர்ஜியின் குறிப்புகளும் ஆவணங்களும் அவர் கைக்கு வந்தன. அவற்றைப் பிரித்துப் படித்தவர், முதன்மை தமக்குரியதன்று, முகர்ஜிக்கே உரியது என்று அவ்வாண்டே 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். தம் பட்டத்தைத் தாமே இறக்கி வைத்தார். ஒருவர் எழுதிவைத்த கணக்கை, படிக்கத் தெரிந்த இன்னொருவர் நேர்மையாகப் படித்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அநீதி திருத்தப்பட்டது. கணக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதோடு, அதைப் பார்ப்பவருக்குத் தகுதியும் வேண்டும். உத்திரமேரூரார் வாரியத்துக்குத் தகுதிகளை அவ்வளவு விரிவாக வெட்டிவைத்ததன் பொருள் இங்கே விளங்குகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. முதல் மனிதக் கருக் குருத்தணுக்களை 1998இல் ஜேம்ஸ் தாம்சன் பிரித்தெடுத்தது, சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் எஞ்சிய கருக்களிலிருந்துதான். ஆகக் குருத்தணு ஆய்வு பிள்ளைப்பேற்று ஆய்வின் வயிற்றில் பிறந்தது. 2004லும் 2005லும் தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், படியெடுத்த மனிதக் கருவிலிருந்து குருத்தணு வளர்த்ததாக அறிவித்தார். அரசு அவரைத் தேசத்தின் நாயகனாகக் கொண்டாடியது. அவருடைய பல்கலைக்கழகமே கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது தரவுகள் புனையப்பட்டவை எனத் தெரிந்தது. 2006 ஜனவரியில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கொல்கத்தாவில் உண்மையான கணக்கைப் படிக்க ஆளில்லை. சோலில் கணக்கைப் படிக்கும் முன்பே மாலை விழுந்துவிட்டது.

நேர்மையான கணக்கு மெதுவாகவே வளர்கிறது. பெண் பிறக்கும்போதே அவள் வாழ்நாளுக்குரிய முட்டைகள் அனைத்தும் முடிவாகிவிடும் என்பது 1951இல் சக்கர்மன் நிலைநாட்டிய கோட்பாடு. 2004இல் ஜொனாதன் டில்லியின் குழு, எலியின் சினைப்பையில் புதிய முட்டைகளைத் தரவல்ல குருத்தணுக்கள் உண்டு என்று கூறி அதை மறுத்தது. விவாதம் இன்னும் அடங்கவில்லை. 2006இல் யமனாகா தோலணுவைக் குருத்தணு நிலைக்குத் திருப்பும் வழி கண்டார். 2016இல் ஜப்பானில் ஹயாஷியின் குழு, எலியின் குருத்தணுவிலிருந்து முழுக்க ஆய்வகத்திலேயே முட்டை வளர்த்து, அதிலிருந்து குட்டிகளைப் பிறக்கச் செய்தது. மனிதரில் அந்நிலை எட்டப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் குருத்தணு 'ஆராய்ச்சியும் சிகிச்சையும்' இருந்தன. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் 'சிகிச்சை' என்ற சொல் நீக்கப்பட்டது. ஒரு சொல்லை எடுத்துவிடுவதன் மூலம் ஒரு நாடு தன் கணக்கைச் சரிசெய்துகொண்ட அரிய தருணம் என்று அதை நாம் கருதுகிறோம். ஆயினும் விளம்பரப் பலகைகளில் அச்சொல் நீங்கவில்லை.

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990 ஆகஸ்டில் சென்னையில், மருத்துவர் கமலா செல்வராஜின் பொறுப்பில் பிறந்தது. இன்று காஞ்சிபுரம், செங்கல்பட்டு போன்ற ஊர்களிலும் கருத்தரிப்பு மையங்கள் வந்துவிட்டன. ஏரிப்பாசனத்தை நம்பிப் பயிரிடும் குடும்பம் ஒன்றுக்கு ஒரு சுழற்சிச் சிகிச்சையின் செலவு சிறியதன்று; அது பலிக்கும் என்ற உறுதியும் இல்லை. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இக்குறையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கணித்தது. 2021இல் இந்தியா இயற்றிய செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் மையங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், ஆவணங்களைப் பேண வேண்டும் என்றும் விதிக்கிறது. கணக்குக் காட்டாதவனைக் குடத்துக்கு வெளியே நிறுத்தும் பழைய முயற்சியின் புதிய வடிவம் அது.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. உத்திரமேரூர்க் குடத்தில் ஒரு பெண்ணின் பெயரும் விழுந்ததில்லை. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆண்களின் பெயர்கள் மட்டுமே அதற்குள் இருந்தன. பிள்ளையில்லாக் குறையின் கணக்கில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அங்கே எல்லா ஓலையிலும் பெண்ணின் பெயரே எழுதப்பட்டிருந்தது. யார் எடுத்தாலும், எத்தனை முறை எடுத்தாலும் அவளே வந்தாள். மலடி என்ற சொல் தமிழில் தேய்ந்து பழகிய அளவுக்கு மலடன் என்ற சொல் பழகவில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தபோது எழுந்த வலியும் அதன்மீது பின்னர் எழுந்த சினமும், இக்கேள்வி நம்மிடையே எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்பதைக் காட்டின.

மெக்லியோட் தொடங்கிய ஆய்வு டப்பாக்களில் விற்கும் மாத்திரைகளை நியாயப்படுத்தவில்லை என்பது உண்மைதான். அதற்காக அந்த எண்பதாண்டு உழைப்பை வீண் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காரணத்தின் ஒரு பங்காவது ஆணிடம் இருக்கிறது என்பதைக் கண்ணாடித் தகட்டின் மேல் எண்ணிக் காட்டியது அவ்வழி வந்த அறிவியலே. மருந்து கிடைக்காத இடத்திலும் ஒரு பொய் அங்கே அழிக்கப்பட்டிருக்கிறது. உத்திரமேரூரை அடுத்த ஏதோவொரு சிற்றூரிலிருந்து மருத்துவமனைக்குப் புறப்படும் தம்பதியருள், முதல் சோதனைக்குக் கணவன் எழுந்து செல்வானாயின் அவள் தலைமேலிருந்து பெருஞ்சுமை ஒன்று இறங்கும். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சிறிது.